டிரங்குக் கடை வாசலில் ஒரு கிணறு

“அங்க நின்னா என்னங்க தெரியும்? இக்கட்ட வாங்க. இன்னுங் கொஞ்சம். ஆ, அங்கியே நில்லுங்க. ஒரு கண்ணப் பொத்துங்க. அது இல்லீங்க, இந்தக் கண்ண.”

வழியோடு போன மனிதரின் தோளைப் பிடித்து நிறுத்தி, அவருடைய கையையே எடுத்து அவருடைய கண்மேல் வைத்துவிடுகிறான் சென்னிமலை. அவர் மளிகை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறவர். எதற்காகத் தன்னைப் பிடித்திருக்கிறார்கள் என்பதே அவருக்கு விளங்கவில்லை. விளக்குகிற வழக்கம் சென்னிமலைக்கு இல்லை. “குனியுங்க. இன்னுங் குனியோணும். நீங்க ஒசரமாப் போயிட்டீங்க” என்கிறான், உயரமாக வளர்ந்தது அவர் செய்த தப்பு என்பதுபோல. அவர் முழங்காலை மடக்கிக் குனிகிறார். அடுத்த நிமிஷம் “ஐயோ” என்று பின்னால் தாவுகிறார். மிளகாய்ப் பை ரோட்டில் விழுகிறது. பின்னால் டவுன் பஸ்காரர் ஹாரனை அழுத்திப் பிடிக்கிறார். சென்னிமலை மட்டும் முகம் மலர்ந்து நிற்கிறான்.

கடைக்குள் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நிஜாமுதீன் ராவுத்தர் இதைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொள்கிறார். சேலம் கடைவீதியில் டிரங்குப் பெட்டி, குடை, டார்ச் லைட் விற்கிற கடை அவருடையது. அந்த மளிகைப் பைக்காரர் ஒருவேளை குடை வாங்க வந்திருக்கலாம். இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார்.

சாக்பீஸால் தரையில் படம் போடுகிறவர்கள் சேலத்துக்குப் புதிதல்ல. ஜங்ஷன் பக்கம் போனால் அனுமாரும் மேரி மாதாவும் மெக்காவும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருப்பார்கள். சென்னிமலையும் ஒரு காலத்தில் அங்கேதான் அனுமார் போட்டுக்கொண்டிருந்தான். மிதிக்கப் பயந்து ஜனங்கள் ஒதுங்கிப் போனார்கள், காசும் விழுந்தது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. “அனுமாருக்குப் பயந்துக்கிட்டு ஒதுங்கறாங்க பாய். எம்படத்துக்குப் பயந்தா ஒதுங்கறாங்க? நான் நல்லாப் போட்டாலும் அதே காசு, கோணலாப் போட்டாலும் அதே காசு.” இப்படி ஒரு குறை எந்த ஊரிலாவது உண்டா என்று நிஜாமுதீன் இன்றுவரைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கடைவீதி முழுக்கக் கருங்கல் பாவிய நடைபாதை. இடுக்கில் புல் முளைத்திருக்கும். அவர் கடையைப் புதுப்பித்தபோதுதான் வாசலில் அகலமாகச் சிமெண்டுத் தளம் போட்டு, மேலே சிமெண்டுப் பால் தடவி வழவழவென்று ஆக்கினார். ரோட்டோரம் வருகிற இடத்தில் கொத்தனார் மட்டம் பார்க்காமல் லேசாகக் குழித்துவிட்டார் என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்தத் தளத்தைச் சென்னிமலை மோப்பம் பிடித்து வந்து சேர்ந்தான். வெறுங்காலால் தளத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இங்க போட்டுக்கட்டுங்களா?” என்று கேட்டான்.

விரட்டியிருக்கலாம். நிஜாமுதீனுக்கு மனசு வரவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார். “என் வாசல்ல சாமி படம் வேணாம். மனுசன், மிருகம், குருவி, எதுவும் வேணாம். உசுரு உள்ளது எதையும் போடாதே.”

மற்றவனாக இருந்தால் முகம் சுண்டிப் போயிருப்பான். இவன் துள்ளினான். “அது போதுமுங்க. அதுதானுங்க நானும் தேடிக்கிட்டிருந்தேன்.” அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபோதே தனக்கு உறைத்திருக்க வேண்டும் என்பார் நிஜாமுதீன்.

முதலில் ஒரு செங்கல் போட்டான். கால் இடறிவிடும் என்று ஒருவர் அதை எடுத்து ஓரமாகப் போடக் குனிந்தார், நகம் சிமெண்டில் உரசியது. பிறகு மூடி திறந்த தூக்குப்போசி போட்டான். அதில் என்ன குழம்பு என்று எட்டிப் பார்த்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு கீழே இறங்குகிற இரண்டு படி. உயிர் உள்ளதைப் போடாதே என்றால் உயிர் இல்லாததை இப்படியெல்லாம் போடலாம் என்று யாருக்குத் தோன்றும்? கடைசியில் கிணற்றில் வந்து நின்றான். மாசக்கணக்கில் அந்தக் கிணறுதான். மங்கிய நிறக் கல்லடுக்கிய நாலு சுவர், ஒரு பக்கம் சுவரை ஒட்டி இறங்கும் படிக்கட்டு, கல்லிடுக்கில் காய்ந்த வேர், அடியில் இருட்டு. கடைக்குள் இருந்து பார்த்தால் அது கிணறே இல்லை. யாரோ கரிமூட்டையை இழுத்துக்கொண்டு போன தாரை மாதிரி நீளமாகக் கிடக்கும். ரோட்டிலிருந்து வருகிறவர்களுக்கு எங்கே நின்றாலும் ஒரு கருப்புப் பள்ளம் தெரியும். அது கிணறாகவே தெரிய வேண்டுமென்றால் அவன் குறி போட்ட இடத்தில் நின்று, ஒற்றைக் கண்ணால், அவன் உயரத்துக்குக் குனிந்து பார்க்க வேண்டும்.

அந்தக் குறி போட்ட இடமோ டவுன் பஸ் வந்து ஒடித்துத் திரும்புகிற இடம். “நாலடி தள்ளி வெச்சா உனக்கு என்ன கேடு?” என்று நிஜாமுதீன் கேட்டுப் பார்த்துவிட்டார்.

“கண்ணு அங்கதானுங்க நிக்குது பாய். நான் என்னங்க பண்றது?”

கண் என்று அவன் சொல்வது ஒரு தகரத் துண்டு. மணல் நிரப்பிய டால்டா டின்னில் மூங்கில் குச்சியை நட்டு, அதன் நுனியில் ஓட்டை போட்ட தகரத்தைக் கட்டியிருக்கிறான். தன் கண் உயரத்துக்குச் சரியாக இருக்கும் அது. ஓட்டை வழியாகப் பார்ப்பான், ஓடி வந்து படுத்து ஒரு கோடு இழுப்பான், எழுந்து ஓடிப் போய்த் திரும்பவும் பார்ப்பான். காலைப் பூராவும் இதே ஓட்டம். நடுவில் பஸ் வந்தால் டின்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒதுங்குவான், பஸ் போனதும் அதே இடத்தில் வைப்பான். கண்டக்டர்கள் ஆளுக்கு ஒரு வசவு வைத்திருக்கிறார்கள். எதுவும் அவன் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

சாமான்களையும் அவன் காசு கொடுத்து வாங்குவதில்லை. வெள்ளைக்கல் சுரங்கத்திலிருந்து போகிற லாரிகள் சிந்துகிற கட்டிகள்தான் அவனுக்கு வெள்ளை. சிவப்புக்குச் செங்கல் தூள், மஞ்சளுக்கு மஞ்சக்காவிக் கட்டி. கருப்பு மட்டும் நிஜாமுதீன் கடையிலிருந்து. டார்ச்சுக்குப் புது பேட்டரி போட வருகிறவர்கள் விட்டுப் போகிற செத்த கட்டைகளைக் கேட்டு வாங்கி, கடைவாசலிலேயே கல்லால் உடைத்து, உள்ளே இருக்கும் பொடியைத் தட்டி எடுக்கிறான். அடுப்புக்கரி இருக்கிறதே என்றால் ஏற்றுக்கொள்ள மாட்டான். “அடுப்புக்கரி நெழலுக்குத்தானுங்க ஆவும். ஆழத்துக்குப் பேட்டரிக் கருப்புதான் வேணும்.” அந்த ஆழம் அவன் பாதத்தில் ஒட்டிக்கொண்டு கடை முழுக்க நடக்கும். கடைப் பையன்கள் துடைப்பார்கள், மறுபடியும் நடக்கும்.

இத்தனைக்கும் பிழைக்க வழி இல்லாதவன் அல்ல. சங்ககிரியில் லாரிப் பட்டறைகளில் பேர் எழுதுகிற வேலைக்கு அவனைத் தேடுகிறார்கள். கை அப்படி. ஒருமுறை ஒரு லாரியின் பின்கதவில் என்னவாவது போடு என்று முதலாளி சொல்லிவிட்டுப் போக, இவன் தூரத்தில் போய் மறைகிற ஒரு தார் ரோட்டைப் போட்டு வைத்தான். பின்னால் வந்த லாரிக்காரர்கள் மிரண்டு மிரண்டு பிரேக் போட்டார்கள். நாலாம் நாள் முதலாளி தன் செலவில் அதைப் பச்சை பெயிண்ட் அடித்து மறைத்தார். அதைச் சொல்லும்போது சென்னிமலையின் முகத்தில் ஒரு பெருமை வரும். “மெரண்டாங்கள்ள?”

சந்தை நாளில்தான் கூத்து. மேச்சேரிப் பக்கம் ஆடு விற்றவர்கள், மல்லசமுத்திரத்திலிருந்து வந்த குடியானவர்கள் எல்லோரும் வட்டம் கட்டிவிடுவார்கள். டிரங்குப் பெட்டியைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. கிணற்றைப் படம் என்றே அவர்கள் நினைப்பதில்லை. “படிக்கட்ட இந்தப் பக்கம் வெச்சிருக்கறியே, மோட்டாரு எங்கப்பா எறக்கறது?” “சுவத்துல பாரு, மண்ணு சரியற மாதிரி இருக்குது. கல்லு பத்தாது.” கடைசியில் யாராவது ஒருவர் கேட்பார், “தண்ணி எத்தன அடில கெடக்குது?”

“தண்ணி இல்லீங்க.”

“நீலத்துல ரெண்டு இழுப்பு இழுத்துவுட்டாத் தண்ணி. யாரு கேக்கப் போறா?”

“மேச்சேரிலருந்து மல்லசமுத்திரம் வரைக்கும் போயிப் பாத்துட்டு வாங்க. இந்த வருசம் எந்தக் கெணத்துல தண்ணி கெடக்குதுன்னு வந்து சொல்லுங்க. அதையே போட்டுர்றேன்.”

மழை இல்லாமல் போய் எத்தனை நாளாயிற்று என்பது அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். சிலர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். குடை விற்கிற நிஜாமுதீனுக்குத்தான் வயிறு எரியும். “ஏன்டாப்பா, இல்லாத கெணத்தப் போடறே. அதுல இல்லாத தண்ணியப் போட மாட்டியா?” என்று கேட்டார் ஒருநாள்.

“கெணறு இருக்குதுங்க பாய். தண்ணிதான் இல்ல.”

நிஜாமுதீன் வீட்டில் போய் மனைவியிடம் புலம்புவார். வஹீதுன்னிசா அனுதாபப்படுகிற ரகம் இல்லை. “உசுரு உள்ளதப் போடாதேன்னு சொன்னது யாரு? நீங்கதானே? ஒரு பூந்தொட்டி போடச் சொல்லியிருந்தா ஆச்சு” என்று சொல்லிவிட்டு ரொட்டியைத் திருப்பிப் போடுவார்.

மழை பொய்த்த வருஷத்தில் கல்யாணங்களும் தள்ளிப் போயிருந்தன. கல்யாணம் இல்லையென்றால் டிரங்குப் பெட்டிக்கு என்ன வேலை? எதிர்ச்சாரியில் வேறு ஒருத்தர் புதிதாக டிரங்குப் பெட்டிக் கடை வைத்து, வரிசையாக டியூப் லைட் போட்டு உட்கார்ந்திருந்தார். நிஜாமுதீன் நம்பியிருந்தது மல்லசமுத்திரம் வேலுசாமிக் கவுண்டர் வீட்டுக் கல்யாணம் ஒன்றைத்தான். அந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு சீர் வைத்தாலும் பெட்டி இந்தக் கடையில்தான். அவர்கள் இங்கே எடுத்தால் அவர்களுடைய பங்காளிகள், மாமன் மச்சான் எல்லோரும் இங்கே வருவார்கள். அவர்கள் ஒருமுறை எதிர்க்கடையில் ஏறிவிட்டால் அத்தனை வீடும் அங்கே போய்விடும். ஆவணி பிறந்த முதல் நல்ல நாளில் வருவதாக வேலுசாமி சொல்லியிருந்தார். அவருக்காகவே மூடியில் ரோஜாப்பூ எழுதிய பெரிய பச்சைப் பெட்டி ஒன்றைத் தருவித்து, யார் கண்ணிலும் படாமல் போர்வை போட்டு மூடி வைத்திருந்தார் நிஜாமுதீன்.

முதல் நாளே சென்னிமலையைக் கூப்பிட்டுச் சொன்னார். “நாளைக்கு எனக்கு முக்கியமான ஆளுங்க வர்றாங்க. நாளைக்கு ஒரு நாள் படம் போடாதே. உன் கையக் காலா நெனச்சுப் புடிச்சுக் கேக்கறேன்.”

“செரிங்க பாய். புதுசா ஒண்ணும் போடல.”

மறுநாள் காலையில் கடை திறக்க வந்தபோது அவன் வாசலில் வயிறு பதியப் படுத்திருந்தான். டால்டா டின் ரோட்டில் நின்றது.

“புதுசாப் போடலீங்களே” என்றான் தலையைத் தூக்காமல். “நேத்துப் போட்டதுல ஒரு மூல சரியா வாய்க்கலீங்க. அதச் செரி பண்ணிட்டு எந்திரிச்சர்றேன்.”

அழித்துவிடு என்று கத்தினார். முடித்துவிட்டு அழிக்கிறேன் என்றான். அரைகுறையாக ஒன்றை அழிக்க அவனுக்கு மனசு வராதாம். இப்படியே இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே வாடகை வேன் ஒன்று ரோட்டோரம் வந்து நின்றது. வேலுசாமி இறங்கினார். அவர் மனைவி பாப்பாயி, கல்யாணப் பெண், இன்னும் இரண்டு மூன்று பெண்டுகள் இறங்கினார்கள். நிஜாமுதீன் வாய் நிறையச் சிரிப்போடு “வாங்க கவுண்டரே, வாங்கம்மா” என்று வாசலுக்கு ஓடினார்.

பாப்பாயி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். “இதென்னுங்க, வாசல்ல கெணறு?”

“படம்மா அது. சாக்பீஸ் படம். மிதிச்சு வாங்க, ஒண்ணும் ஆகாது.”

“படம்னு தெரியுதுங்க. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? கல்யாணத்துக்குப் பொட்டி எடுக்க வந்த எடத்துல, வறண்ட கெணத்த மிதிச்சுப்போட்டா உள்ள வாரது? எம்புள்ள சேல வெக்கற பொட்டிங்க அது.”

கூட வந்த பெண்டுகளுக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒருத்தி எதிர்ச்சாரியைக் கையைக் காட்டினாள். “அக்கட்ட ஒரு கட இருக்குதுங்களே அத்த.” வேலுசாமி தர்மசங்கடத்தோடு நிஜாமுதீனைப் பார்த்தார். பெண்டுகள் விஷயத்தில் நான் என்ன சொல்வது என்று அந்தப் பார்வை சொல்லிற்று. டியூப் லைட் கடைக்காரர் அதற்குள் படியில் இறங்கி நின்று கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

நிஜாமுதீனுக்கு உச்சி மயிர் வரைக்கும் எரிந்தது. உள்ளே போனார். ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். “பாய், பாய், வேண்டாமுங்க” என்று சென்னிமலை கையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்தான். அவனையும் சேர்த்து நனைத்தபடி வாளியைக் கவிழ்த்தார்.

கிணறு கரைந்து ஓடவில்லை. மாசக்கணக்காக உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பேட்டரிக் கருப்பு அசையவே இல்லை. கல்லெல்லாம் நனைந்து, நிஜக் கல்லைப் போலவே நிறம் ஏறியது. தண்ணீர் முழுவதும் தளத்தின் சரிவில் வழிந்து, ரோட்டோரம் கொத்தனார் விட்ட குழிவில் போய்த் தேங்கியது. கிணற்றின் அடியென்று சென்னிமலை இருட்டைப் போட்டு வைத்திருந்த இடம் அதுதான். ரோட்டுப் பக்கம் நின்றிருந்த பாப்பாயிக்கு, அந்த இருட்டுக்குள் ஆவணி மாசத்து வானம் தெரிந்தது.

பாப்பாயி குள்ளமானவர். சென்னிமலையின் உயரந்தான் இருப்பார். டின்னுக்குப் பக்கத்தில் நகர்ந்து நின்று, யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு கண்ணைச் சுருக்கினார். வாயில் கை வைத்துக்கொண்டார்.

“ஏனுங்க, இங்க வந்து பாருங்க. தண்ணி!” என்றார் புருஷனைப் பார்த்து. “ஊறி வருதுங்க.”

பெண்டுகள் எல்லோரும் ஓடி வந்து இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். கடைத்தெருவில் போனவர்களும் கூடிவிட்டார்கள். பாப்பாயி கையெடுத்துக் கும்பிட்டார். “நல்ல சகுனமுங்க. இங்கியே எடுத்தர்லாம்.” டியூப் லைட் கடைக்காரர் கும்பிட்ட கையை இறக்கிக்கொண்டு படியேறினார்.

சந்தோஷப்படாத ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான். சட்டையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று, “வறண்ட கெணறுங்க பாய் அது! தண்ணியாமா தண்ணி! நான் தண்ணி போடலீங்க!” என்று சண்டைக்கு வந்தான். வாயை மூடு என்று நிஜாமுதீன் கண்ணாலேயே கெஞ்சினார்.

கிணற்றுக்கும் தளத்தின் பக்கவாட்டில் ஓடும் சாக்கடைக்கும் நடுவில் ஓர் ஆள் போகிற அளவு இடம் இருந்தது. அதன் வழியாக ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். நிஜாமுதீன் போர்வையை விலக்கியதுமே பச்சைப் பெட்டி பாப்பாயிக்குப் பிடித்துவிட்டது. மூடியைத் திறந்து திறந்து மூடினார், பூட்டைப் போட்டுப் பார்த்தார், மகளை அழைத்துக் கை வைக்கச் சொன்னார். எல்லாம் முடிந்தது. வேலுசாமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அங்கேதான் வந்த வழி ஞாபகம் வந்தது. ஓர் ஆள் போகலாம். பெட்டி போகாது. அந்த இடுக்குக்கு ஒரு பக்கம் சாக்கடை, இன்னொரு பக்கம் கடையின் தூண், தலையில் தூக்கினாலும் இடிக்கும்.

“நேராப் போங்க கவுண்டரே. தரைதானே” என்றார் நிஜாமுதீன்.

வேலுசாமி காலைத் தூக்கினார். கடைப் பக்கமிருந்து பார்க்க அது கிணறே இல்லை, ஈரமான கரித்தாரை. இருந்தும் தூக்கிய காலை இருந்த இடத்திலேயே வைத்தார்.

“அதெப்படீங்க மிதிக்கறது?” என்றார் பாப்பாயி. “தண்ணி இருக்கற கெணறு. சீர்ப்பொட்டிய வெச்சுக்கிட்டுத் தண்ணி மேல காலு வெப்பாங்களா?”

நிஜாமுதீனுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தண்ணீர் இல்லையென்றால் சகுனம் சரியில்லை, மிதிக்கக் கூடாது. தண்ணீர் இருந்தால் அது சாமி மாதிரி, மிதிக்கக் கூடாது. “நான் தூக்கியாறேம்மா” என்று வேட்டியை மடித்துக் கட்டினார். பாப்பாயி கூடாதென்று தலையை ஆட்டிவிட்டார். யார் மிதித்தாலும் தோஷம் பெட்டிக்குத்தான் என்றார். வெளியே கூட்டம் ஆளுக்கொரு யோசனை சொல்லிற்று. பாப்பாயியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. “பொட்டிய உள்ள வெச்சிருங்க. நல்லா யோசிச்சு இன்னொரு நாளைக்கு வாரோம்” என்றார். அந்த இன்னொரு நாள் எந்தக் கடையில் விடியும் என்று நிஜாமுதீனுக்குத் தெரியும்.

அப்போது பாப்பாயியே மறுபடியும் பேசினார். “ஒரே ஆளு எறங்கலாமுங்க. கெணறு வெட்டுனவன் காலு வெச்சாத் தப்பில்ல. எங்கூருலயும் வெட்டுன ஆளுகதான் உள்ள எறங்குவாங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. இத வெட்டுனவரு யாருங்க?”

கூட்டம் முழுக்கச் சென்னிமலையைத் திரும்பிப் பார்த்தது.

அவன் தூணில் சாய்ந்து ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான். இந்தப் படத்தின் மேல் ஒரு நாய் நடந்ததற்காகக் கடைவீதிக் கோடி வரைக்கும் விரட்டிக்கொண்டு போனவன். ஒரு குழந்தையின் சுண்டுவிரல் பட்டதற்கு அதன் அப்பனோடு மல்லுக்கு நின்றவன். மிதிக்கச் சொன்னால் என்ன பேசுவான் என்று நிஜாமுதீனுக்குத் தெரியும். இத்தனை நாள் வாங்கிய பதிலெல்லாம் போதாதென்று இதற்கும் ஒன்று வரப்போகிறது. “சென்னிமலை” என்றார். மேலே என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் நின்றார். திட்டுவதற்குத்தான் அவரிடம் வார்த்தைகள் இருந்தன.

சென்னிமலை பாப்பாயியைப் பார்த்தான். “எந்தூருங்க?” என்று கேட்டான்.

“மல்லசமுத்திரமுங்க சாமி.”

“அங்க தண்ணி?”

“இல்லீங்க. மோட்டாரக் கழட்டி ஊட்டுல வெச்சாச்சு.”

அவன் துண்டை உருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்துக்கொண்டு வேலுசாமியிடம் வந்து குனிந்தான். வேலுசாமியும் நிஜாமுதீனும் பெட்டியைத் தூக்கி வைத்தார்கள். வலது காலை முதலில் எடுத்து வைத்து, தன் கிணற்றின் நட்டநடுவில் நடந்தான். ரோட்டுப் பக்கம் நின்றவர்கள் “யப்பா” என்று வாய் பிளந்தார்கள். அவர்களுக்கு அவன் தண்ணீர் மேலேயே நடந்து வருவதாகத் தெரிந்திருக்க வேண்டும். இத்தனை நேரம் ஊறி இளகியிருந்த கருப்பில், பெட்டிப் பாரத்தோடு அவன் பாதம் பதிகிற இடமெல்லாம் சிமெண்டு வெளுத்துத் தெரிந்தது. கல் அடுக்கு கலைந்தது, படிக்கட்டு இரண்டாக முறிந்தது. வேனில் பெட்டியை ஏற்றி, ஆடாமல் இருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தான்.

பாப்பாயி போகும்போது அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேன் கிளம்பியது. கூட்டம் கலைந்தது.

நிஜாமுதீன் கடை வாசலில் நின்றபடி, உள்ளே வந்து டீ குடிக்கச் சொல்லிக் கையை ஆட்டினார். சென்னிமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். நடுவில் அவன் காலடிகளே வரிசையாகப் பதிந்து கிடந்த கிணற்றின் ஓரத்தில் வந்து நின்றான். பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விளிம்பில் கால் பட்டுவிடாமல், சாக்கடை ஓரமாகச் சுற்றிக்கொண்டு கடைக்குள் வந்தான்.